எவ்வளவு இரத்தம், எந்த நிறம், எவ்வளவு சிட்ரேட்: குருத்தணுச் சேகரிப்புக்கு அஃபெரிசிஸ் இயந்திரத்தை அமைத்தல்

சேகரிப்பு நாளன்று காலையில் அணுக்களை வகைபிரித்து எண்ணும் ஃப்ளோ சைட்டோமெட்ரி ஆய்வகத்திலிருந்து வரும் ஓர் எண், அன்று நாம் செய்யவேண்டிய வேலையின் பெரும்பகுதியைச் சொல்லிவிடுகிறது. ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் சிடி34 குறியுள்ள அணுக்கள், அதாவது குருத்தணுக்கள், எத்தனை இருக்கின்றன என்பதே அந்த எண். அது 60 என்றால் ஒரு வகையான நாள்; 25 என்றால் வேறொரு வகையான நாள்; 8 என்றால், இரத்தத்தை வெளியே ஓட்டி வேண்டிய அணுக்களை மட்டும் பிரித்தெடுத்து மற்றதைத் திருப்பிச் செலுத்தும் அஃபெரிசிஸ் இயந்திரத்தில் நோயாளியை இணைக்கலாமா என்பதையே முதலில் யோசிக்கவேண்டும். ஆயினும் பல இடங்களில் இந்த எண் கைக்கு வருவதற்கு முன்பே எல்லா அமைப்புகளும் முடிவாகிவிடுகின்றன. உடலின் மொத்த இரத்த அளவைப் போல் இரண்டரை மடங்கு, இரத்தம் 12க்கு உறைவு தடுக்கும் கரைசல் 1 என்ற விகிதம், மற்றவை இயந்திரம் தானாகக் காட்டும் இயல்புநிலை என்று வந்தவர் எல்லோருக்கும் ஒரே அச்சில் வார்த்துவிடுகிறோம். அந்தப் பழக்கத்தில் சிலருக்குத் தேவைக்கு மேல் இரண்டு மணி நேரம் படுக்கை, சிலருக்கு இலக்கை எட்டாமல் மறுநாளும் ஊசி என்று முடிகிறது. எந்த அமைப்பு யாருக்குப் பொருந்தும் என்பதை ஒன்றோடொன்று ஒப்பிட்டு எழுதவேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது ஸ்பெக்ட்ரா ஆப்டியா இயந்திரத்தை. முதன்மையாக மல்டிபிள் மைலோமா, லிம்ஃபோமா ஆகிய இரத்தப் புற்றுநோய்களுக்காகத் தம் சொந்தக் குருத்தணுக்களையே சேமித்துவைக்க வரும் பெரியவர்களை. ஸ்டெம் செல் என்று பரவலாக அழைக்கப்படுவதையே குருத்தணு என்று எழுதுகிறேன். உடன்பிறந்தோருக்குக் கொடுக்க வரும் நலமுள்ள கொடையாளர்களைப் பற்றி, வேறுபாடு உள்ள இடங்களில் மட்டும் சொல்கிறேன். அமிக்கஸ், காம்டெக் போன்ற பிற இயந்திரங்களில் பொத்தான்களின் பெயர்கள் மாறினாலும் அடிப்படைக் கணக்கு மாறுவதில்லை.

இயந்திரத்துக்குள் நடப்பது அடர்த்தியின் விளையாட்டு. சுழலும் தடத்தில் சிவப்பணுக்கள் வெளிச்சுவரை ஒட்டித் தங்குகின்றன, பிளாஸ்மாவும் தட்டணுக்களும் (பிளேட்லெட்) உட்புறம் நிற்கின்றன, நடுவே மெல்லிய ஏடாக வெள்ளையணுக்கள் படிகின்றன. குருத்தணுக்கள் அந்த ஏட்டுக்குள் லிம்ஃபோசைட்டு, மோனோசைட்டு ஆகிய வெள்ளையணு வகைகளோடு கலந்து கிடக்கின்றன. கிரானுலோசைட்டுகள் என்ற இன்னொரு வகை வெள்ளையணுக்கள் அதற்குச் சற்றுக் கீழே, சிவப்பணுக்களோடு ஒட்டி. தன் மகனுக்கு இரத்தப் புற்றுநோய் வந்த துயரத்தில் ஜார்ஜ் ஜட்சன் என்ற ஐபிஎம் பொறியாளர் 1960களில் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தோடு சேர்ந்து உருவாக்கிய தொடரோட்டப் பிரிப்பான்தான் இந்த இயந்திரக் குடும்பத்தின் மூதாதை. அன்று இந்த அடுக்குகளுக்கு இடையிலான எல்லைக்கோட்டைக் கண்ணால் பார்த்துக் கையால் திருத்தினார்கள். இன்று ஆப்டியாவில் ஒரு கேமரா அதைப் பார்த்துப் பம்புகளைத் திருத்துகிறது. கேமரா வந்ததால் நம் முடிவுகளின் எண்ணிக்கை குறைந்திருக்கிறது. ஆனால் எஞ்சிய முடிவுகள் எல்லாம் நோயாளியைப் பார்த்தே எடுக்கவேண்டியவை.

இரத்த அளவு: நிலையான மடங்கா, கணக்கிட்ட அளவா

முதல் முடிவும் மிகப் பெரிய முடிவும் எவ்வளவு இரத்தத்தை இயந்திரத்தின் வழியாக ஓட்டுவது என்பதே. வழக்கில் உள்ள வழிகள் மூன்று. எல்லோருக்கும் மொத்த இரத்த அளவைப் போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு ஓட்டுவது ஒன்று. எல்லோருக்கும் மூன்று மடங்குக்கு மேல் ஓட்டும் பெரும் அளவுச் சேகரிப்பு இன்னொன்று. அன்றைய சிடி34 எண்ணிக்கையைக் கொண்டு அவரவருக்குத் தேவையான அளவைக் கணக்கிட்டு ஓட்டுவது மூன்றாவது. நான் மூன்றாவதன் பக்கம் நிற்கிறேன். அதற்கான காரணத்தை ஓர் எடுத்துக்காட்டோடு சொல்கிறேன்.

60 கிலோ எடையுள்ள ஒரு பெண், மொத்த இரத்த அளவு 4 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். குருத்தணு மாற்று சிகிச்சைக்குக் கிலோவுக்கு 20 லட்சம் சிடி34 அணுக்கள் குறைந்தபட்சம் என்றும் 50 லட்சம் விரும்பத்தக்கது என்றும் பொதுவாக ஏற்கப்பட்டிருக்கிறது. 50 லட்சம் என்றால் அவருக்கு வேண்டியது 30 கோடி அணுக்கள். காலை எண்ணிக்கை மைக்ரோலிட்டருக்கு 60 என்றால் ஒரு லிட்டர் இரத்தத்தில் 6 கோடி அணுக்கள் இருக்கின்றன. இயந்திரம் அத்தனையையும் பிடித்துவிடாது; தன் வழியாகச் செல்வதில் ஒரு பங்கைத்தான் பையில் சேர்க்கும். அந்தப் பங்கையே சேகரிப்புத் திறன் என்கிறோம். அது 45 சதவீதம் என்றால் லிட்டருக்கு 2.7 கோடி பையில் சேரும்; 30 கோடிக்கு ஏறத்தாழ 11 லிட்டர் ஓட்டவேண்டும். இது மொத்த இரத்த அளவைப் போல் 2.8 மடங்கு. இரண்டரை மடங்கில் நிறுத்தியிருந்தால் இலக்குக்குச் சற்று முன்பே இயந்திரத்தை அணைத்திருப்போம்.

அதே பெண்ணுக்கு எண்ணிக்கை 120 என்றால் ஐந்தரை லிட்டருக்குச் சற்று மேல் ஓட்டினாலே போதும். ஒன்றரை மடங்குகூட இல்லை. அப்போது இரண்டரை மடங்கு ஓட்டுவது தட்டணுக்களையும் நேரத்தையும் வீணடிப்பதே. எண்ணிக்கை 25 என்றால் 50 லட்சம் என்ற இலக்குக்கு 26 லிட்டருக்கு மேல் வேண்டும். ஒரே நாளில் அது நடவாத காரியம். ஆனால் 20 லட்சம் என்ற குறைந்தபட்ச இலக்கை ஏறத்தாழ 11 லிட்டரிலேயே எட்டிவிடலாம். எண்ணிக்கை 8 என்றால் அந்தக் குறைந்தபட்சத்துக்கே 33 லிட்டர் வேண்டும் என்று கணக்கு சொல்கிறது. இயந்திரத்தில் எந்த அமைப்பை எப்படி மாற்றினாலும் அந்தப் பள்ளத்தை நிரப்ப இயலாது.

இந்தக் கணக்கின் அச்சாணி 45 சதவீதம் என்ற எண். அது எங்கிருந்து வருகிறது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். பிற மையங்களின் கட்டுரைகளில் 30 முதல் 60 சதவீதம் வரை பலவிதமான எண்கள் காணக்கிடைக்கின்றன. அவற்றில் ஒன்றை எடுத்து ஒட்டவைப்பது சரியன்று. நம் இயந்திரம், நம் பணியாளர்கள், நம் ஆய்வகத்தின் அளவீட்டு முறை ஆகிய மூன்றும் சேர்ந்ததே நம் திறன். கடைசியாகச் செய்த 30 சேகரிப்புகளின் தாள்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் பையில் கிடைத்த மொத்த சிடி34 எண்ணிக்கையை, தொடக்க எண்ணிக்கையும் ஓட்டிய இரத்த அளவும் பெருக்கிய எண்ணால் வகுத்தால் நம் திறன் தெரிந்துவிடும். ஓட்டிய அளவில் உறைவு தடுக்கும் கரைசலைச் சேர்த்துக்கொள்வதா கழித்துவிடுவதா என்பதை ஒருமுறை முடிவுசெய்து, அதன்பின் மாற்றாமல் இருக்கவேண்டும். 12க்கு 1 விகிதத்தில் அந்த வேறுபாடு மட்டுமே எட்டு சதவீதம்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கிடைத்த 30 எண்களின் சராசரியை வைத்துக் கணக்கிட்டால் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அன்றைய இலக்கு எட்டாமல் போகும். சராசரி என்பதன் இயல்பே அதுதான். ஆகவே அந்த 30ஐயும் ஏறுவரிசையில் அடுக்கி, கீழிருந்து கால்பங்கில் வரும் எண்ணையே கணக்குக்கு எடுத்துக்கொள்ளவேண்டும். நம் சராசரி 45ஆகவும் கால்பங்கு எண் 30ஆகவும் இருந்தால், மேலே சொன்ன பெண்ணுக்கு 11 லிட்டருக்குப் பதிலாக ஏறத்தாழ 17 லிட்டர் என்று திட்டமிடவேண்டியிருக்கும். அது நான்கு மடங்குக்கும் சற்று அதிகம். இந்த இரண்டு எண்களுக்கும் இடைவெளி அதிகமாக இருக்கும் மையம், அளவைக் கூட்டுவதற்கு முன் அந்த இடைவெளி ஏன் வந்தது என்று தேடுவது நல்லது. காரணம் பெரும்பாலும் எல்லைக்கோட்டை ஆளுக்கு ஒரு விதமாகக் கையாள்வதில் இருக்கும்.

நேரமும் சிட்ரேட்டும்

அளவு முடிவானதும் அடுத்து வருவது எவ்வளவு நேரம் என்ற கேள்வி. ஓட்ட வேகத்தைத் தடுப்பது நரம்பின் (இரத்தநாளத்தின்) அகலம் என்றே பலரும் எண்ணுகிறோம். கையில் நல்ல நரம்பு உள்ளவருக்கும் கழுத்தில் டயாலிசிஸ் வகைக் குழாய் போட்டவருக்கும் உண்மையில் வேகத்தைத் தடுப்பது சிட்ரேட்தான். உறைவு தடுக்கும் ஏசிடி‑ஏ கரைசல் இரத்தத்தோடு உடலுக்குள் திரும்பும்போது அதிலுள்ள சிட்ரேட் கால்சியத்தைப் பற்றிக்கொள்கிறது. ஒரு நிமிடத்தில் உடல் தாங்கக்கூடிய சிட்ரேட்டுக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையை மொத்த இரத்த அளவின் ஒவ்வொரு லிட்டருக்கும் நிமிடத்துக்கு 0.8 மி.லி. என்று வைத்தால், நம் 4 லிட்டர் பெண்ணுக்கு நிமிடத்துக்கு 3.2 மி.லி. கரைசலே செல்லலாம். 12க்கு 1 விகிதத்தில் அது நிமிடத்துக்கு 38 மி.லி. ஓட்டமாகிறது, 11 லிட்டர் முடிய ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும். அதே எல்லையை 1.0 என்று உயர்த்தினால் ஓட்டம் 48 ஆகி, நான்கு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

ஆகவே இங்கே ஒப்பிடவேண்டியவை மூன்று: எல்லையை 0.8இல் வைத்துப் பொறுமையாக ஓட்டுவது. கால்சியம் கொடுத்துக்கொண்டே எல்லையை உயர்த்துவது. ஏசிடி‑ஏவில் ஹெப்பாரின் என்ற இன்னொரு உறைவுத் தடுப்பு மருந்தைக் கலந்து விகிதத்தையே 24க்கு 1 அளவுக்குத் தளர்த்துவது. மூன்றாவதில் ஓட்டம் இரட்டிப்பாகி, அதே 11 லிட்டர் இரண்டரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் என்பது தாளில் கவர்ச்சியாகத் தெரிகிறது. ஆனால் கீமோதெரபிக்குப் பின் தட்டணுக்கள் 50,000ஐத் தொட்டு நிற்கும் ஒருவருக்கு, அன்று காலைதான் கழுத்தில் குழாய் ஏற்றிய ஒருவருக்கு, உடலுக்குள் ஹெப்பாரின் திரும்பிச் செல்வது நல்லதன்று. ஹெப்பாரினால் தட்டணுக்கள் குறையும் ஒவ்வாமை முன்பு வந்திருந்தால் அதைத் தொடவே கூடாது. தட்டணு எண்ணிக்கை நன்றாக இருந்து, இலக்கு தொலைவில் இருந்து, மறுநாள் வர இயலாத சூழலும் இருப்பவருக்கு மட்டுமே ஹெப்பாரின் வழி பொருந்தும் என்பது என் கருத்து. பெரும்பாலானவர்களுக்கு இரண்டாவது வழியே சிறந்தது: தொடக்கத்தில் 0.8, முதல் அரை மணி நேரம் அமைதியாகக் கழிந்தால் 1.0, கூடவே திரும்பும் குழாயில் கால்சியம் குளுக்கோனேட் சொட்டு.

கால்சியம் குறைவதை இயந்திரத் திரை காட்டாது. நோயாளியின் முகம் காட்டும். உதட்டோரத்தில் எறும்பு ஊர்வதுபோல் ஒரு மதமதப்பு, பிறகு விரல் நுனிகளில் குறுகுறுப்பு, மார்புக்குள் இலேசான அதிர்வு, குளிர் என்ற வரிசையில் அது வரும். நம் ஊர்ப் பெரியவர்கள் பலர் இதை வாய்திறந்து சொல்வதில்லை. செவிலியருக்குத் தொல்லை கொடுக்கக்கூடாது என்று பொறுத்துக்கொள்வார்கள். அதனால் "ஏதாவது செய்கிறதா?" என்று பொதுவாகக் கேட்காமல், "அம்மா, உதடு மதமதப்பாக இருக்கிறதா?" என்று பெயர் சொல்லிக் கேட்கவேண்டும். போர்வையை இழுத்து மூடிக்கொள்ளும் நோயாளிக்குக் குளிரூட்டியை அணைப்பதோடு நின்றுவிடாமல் ஓட்டத்தையும் குறைத்துப் பார்க்கவேண்டும்.

விகிதத்தை எதிர்ப்பக்கம் இறுக்கவேண்டிய சூழலும் உண்டு. குருத்தணுக்களை இரத்தத்துக்கு இறக்கும் ஜி‑சிஎஸ்எஃப் ஊசி போட்ட, தட்டணுக்கள் மிகுந்த கொடையாளர்களிடம் தொடக்க நிமிடங்களிலேயே சேகரிப்புக் குழாயில் வெள்ளை ரவைபோல் திரள்கள் தென்படும். அவை தட்டணுக் கட்டிகள். ஒருமுறை உருவானால் எல்லைக்கோடு தள்ளாடும், கேமரா குழம்பும், பைக்குள் சென்ற கட்டிகளோடு குருத்தணுக்களும் சிக்கிக்கொள்ளும். இதற்கு விகிதத்தை 10க்கு 1 அல்லது 8க்கு 1 என்று இறுக்குவதே மருந்து. ஆனால் 10க்கு 1 என்று முழு நேரமும் ஓட்டினால், 0.8 என்ற எல்லையில் நம் பெண்ணின் 11 லிட்டருக்கு ஆறு மணி நேரம் ஆகும். ஆகவே கட்டி வரும் அறிகுறி உள்ளவர்களுக்குத் தொடக்கத்தில் மட்டும் இறுக்கி, தடம் நிரம்பி எல்லைக்கோடு அமைதியான பின் 12க்குத் தளர்த்துவது நேரத்தையும் காக்கும், குழாயையும் காக்கும். மிக மெதுவான ஓட்டமும் கட்டிகளை வரவேற்கும் என்பதால், நரம்பு மெலிந்தவரிடம் கையூசியோடு போராடுவதைவிடக் கழுத்துக் குழாயே மேல் என்று முடிவுசெய்யவேண்டிய சமயங்களும் உண்டு.

நிறம்: வெளிறியதா, அடர்ந்ததா

தடத்திலிருந்து பைக்குச் செல்லும் மெல்லிய குழாயின் பின்னால் நிற அட்டையைப் பிடித்துப் பார்க்கும் அந்த நொடி, எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்தது. அட்டை அன்று சொல்வதை வேறு எதுவும் அவ்வளவு விரைவாகச் சொல்லாது. மிகவும் மேலே, பிளாஸ்மா பக்கம் இழுத்தால் குழாய் கலங்கிய இளமஞ்சளாகத் தெரியும். தட்டணுக்கள் பைக்குப் போகின்றன, குருத்தணுக்களில் ஒரு பங்கு கீழேயே தங்கி நோயாளிக்குத் திரும்பிவிடுகிறது என்று அதற்குப் பொருள். மிகவும் கீழே இழுத்தால் குழாய் அடர்ந்து சிவக்கும். கிரானுலோசைட்டும் சிவப்பணுவும் பையை நிரப்பும். இரண்டுக்கும் நடுவே, மாதுளைச் சாற்றில் நிறைய நீர் ஊற்றினாற்போன்ற இளஞ்சிவப்பே நாம் தேடுவது. அப்படி எடுத்த பையில் சிவப்பணுக்களின் பங்கு 2 முதல் 5 சதவீதம் வரை இருக்கும்.

அடர்ந்த பக்கம் போனால் குருத்தணு கூடுதலாகக் கிடைக்கும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அதற்குக் கொடுக்கும் விலையைப் பின்னால் பையை உறையவைத்துச் சேமிக்கும் உறைபதன ஆய்வகமும் நோயாளியும் கட்டுகிறார்கள். கிரானுலோசைட்டுகள் மிகுந்தால் அணுச் செறிவைக் குறைக்கப் பிளாஸ்மா சேர்க்கவேண்டும். பைகளின் எண்ணிக்கை கூடும். ஒவ்வொரு பையோடும் டிஎம்எஸ்ஓ என்ற உறைபாதுகாப்புக் கரைசல் சேரும். ஒரு நாளில் கிலோவுக்கு ஒரு கிராம் டிஎம்எஸ்ஓ என்பது வழக்கமான உச்சவரம்பு; 60 கிலோ எடைக்கு 10 சதவீதக் கரைசலில் ஏறத்தாழ 550 மி.லி.க்கு மேல் ஒரே நாளில் ஏற்றமுடியாது. உருகவைத்து ஏற்றும்போது உடைந்த கிரானுலோசைட்டுகளால் குமட்டலும் நடுக்கமும் கூடும். இதையெல்லாம் எண்ணிப்பார்த்தால் நடுநிறத்தில் நின்று இன்னும் ஒரு லிட்டர் கூடுதலாக ஓட்டுவது மிகவும் மலிவான வழியாகத் தெரிகிறது.

விதிவிலக்கு இரண்டு. கீமோதெரபிக்குப் பின் வெள்ளையணுக்கள் மெல்ல ஏறிவரும் ஒருவரிடம் வெள்ளையணு ஏடு காகிதம்போல் மெலிந்திருக்கும். அங்கே நடுநிறத்தில் நின்றால் ஏட்டின் பாதி தவறிவிடும், சற்று அடர்ந்த பக்கம் சாய்வதே சரி. இரத்தப் பிரிவு பொருந்தாத உடன்பிறப்புக்குக் கொடுப்பவரிடம் இதற்கு நேர்மாறாக வெளிறிய பக்கம் நிற்கவேண்டும். 250 மி.லி. பையில் 3 சதவீதம் என்றால் சிவப்பணுக்கள் ஏழரை மி.லி. மட்டுமே, அது கவலை தராது. நிறம் அடர்ந்து 12 சதவீதமானால் 30 மி.லி. ஆகிவிடும், பெறுபவரின் உடலில் அவை உடையத் தொடங்கும்.

ஏட்டின் எந்த ஆழத்திலிருந்து இழுப்பது என்று இயந்திரத்துக்குச் சொல்லும் சேகரிப்பு விருப்ப எண்ணை மாற்றியவுடன் குழாயின் நிறம் மாறாது. தடத்துக்குள் ஏடு புதிய இடத்தில் அமையவேண்டும், பிறகு அந்த நிறம் குழாய் நெடுகப் பயணம் செய்யவேண்டும். பயிற்சிக் காலத்தில் நான் செய்த பிழை இதுதான்: ஒரு படி மாற்றி, இரண்டு நிமிடத்தில் நிறம் மாறவில்லை என்று இன்னொரு படி, பிறகு மூன்றாவது படி. கால் மணி நேரத்தில் குழாய் இரத்தச் சிவப்பானது. அதைத் திருப்பிக் கொண்டுவர அரை மணி நேரம் பிடித்தது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறைக்கு மேல் அந்த எண்ணைத் தொடுவதில்லை என்று அன்று எடுத்த முடிவை இன்றுவரை மாற்றவில்லை. இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைச் சொல்லும் ஹீமாட்டோக்ரிட் எண்ணை, நேற்று எடுத்ததையே, இன்று இயந்திரத்தில் பதிவதும் இதே வகைப் பிழை. இயந்திரம் எல்லைக்கோட்டைத் தவறான இடத்தில் தேடத் தொடங்கும். எடை, ஹீமாட்டோக்ரிட் ஆகிய இரண்டையும் அன்று காலையே எடுக்கவேண்டும்.

இரு நிரல்களில் எது

ஆப்டியாவில் எம்என்சி, சிஎம்என்சி என்று இரண்டு நிரல்கள் உண்டு. எம்என்சியில் தடத்திலிருந்து வரும் ஏடு ஒரு சிறு கூம்பு அறைக்குள் சென்று, அங்கே தட்டணுக்கள் மிதந்து வெளியேற, கனமான அணுக்கள் தங்கி, அறை நிரம்பியதும் மொத்தமாகப் பைக்குத் தள்ளப்படுகின்றன. சிஎம்என்சியில் அறை இல்லை. தொடக்கம் முதல் இறுதிவரை சிறு ஓட்டமாக ஏடு பைக்குப் போய்க்கொண்டே இருக்கும். முன்னதில் பை சிறியதாகவும் தட்டணு இழப்புக் குறைவாகவும் இருக்கும். பின்னதில், ஜி‑சிஎஸ்எஃப் ஊசியால் வெள்ளையணு 50,000ஐத் தாண்டியவரிடம் அறை அடிக்கடி நிரம்பித் தள்ளவேண்டிய தொல்லை இல்லை. தட்டணுக்கள் குறைவாகவும் வெள்ளையணுக்கள் அளவாகவும் உள்ள மைலோமா நோயாளிக்கு எம்என்சி, வெள்ளையணு உச்சத்தில் நிற்கும் கொடையாளருக்குச் சிஎம்என்சி என்று நான் பிரித்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு சிறு மையத்தில் எல்லோருக்கும் ஒரே நிரலில் நல்ல பயிற்சி இருந்தால் அதையே தொடர்வது தவறன்று. நிரலுக்கு நிரல் உள்ள வேறுபாட்டைவிடக் கைக்குக் கை உள்ள வேறுபாடு பெரிது. சுழல்வேகத்தைத் தீர்மானிக்கும் அடர்த்திக் காரணியைத் தொடவேண்டிய தேவை பெரியவர்களிடம் அரிதாகவே வரும், இயல்புநிலையில் விட்டுவிடலாம்.

குழந்தைகளின் கணக்கு தனி. இயந்திரமும் குழாய்களும் சேர்ந்து உடலுக்கு வெளியே ஏறத்தாழ 200 முதல் 300 மி.லி. வரை இரத்தத்தை வைத்துக்கொள்கின்றன. 12 கிலோ குழந்தையின் மொத்த இரத்தமே ஒரு லிட்டருக்கும் குறைவு. அங்கே முதலில் தேர்வது வேகத்தையோ நிறத்தையோ அன்று. குழாய்களைக் கொடையாளர் இரத்தத்தால் நிரப்பித் தொடங்குவதையே.

நீண்ட ஒரு நாளா, குறுகிய இரண்டு நாளா, பிளெரிக்ஸஃபோரா

எண்ணிக்கை 20க்கு மேல் இருந்தால் இந்தக் கேள்வி பெரும்பாலும் எழுவதில்லை. 10க்கும் 20க்கும் இடையில் இருக்கும்போதுதான் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசவேண்டிய முடிவாக இது வருகிறது. ஒரே நாளில் நான்கு மடங்கு வரை ஓட்டினால் தட்டணுக்கள் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை சரியும், ஐந்தாறு மணி நேரம் இடுப்பு வலிக்கப் படுத்திருக்கவேண்டும். ஆனால் ஒரே செட் குழாய், ஒரே நாள் கட்டணம். இரண்டு நாளாகப் பிரித்தால் ஒவ்வொரு நாளும் இலகுவாக இருக்கும். ஆனால் இரண்டாவது செட், இன்னொரு நாள் ஜி‑சிஎஸ்எஃப் ஊசி, கழுத்தில் குழாயோடு ஓர் இரவு. இரண்டாம் நாள் எண்ணிக்கை முதல் நாளைவிடக் குறைந்திருப்பதும் உண்டு என்பதால், பாதியைப் பாதியாகப் பிரித்தோம் என்று நம்பமுடியாது.

மூன்றாவது வழி பிளெரிக்ஸஃபோர். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008 டிசம்பரில் அனுமதித்த இந்த ஊசி, எலும்பு மஜ்ஜையில் குருத்தணுவைக் கட்டிவைத்திருக்கும் பிணைப்பை அவிழ்க்கிறது. கிலோவுக்கு 0.24 மில்லிகிராம், சேகரிப்புக்கு ஏறத்தாழ 11 மணி நேரத்துக்கு முன் கொடுக்கப்படுகிறது. விலை கூடுதல்தான். ஆனால் எண்ணிக்கை 8இலிருந்து 30க்கு ஏறினால், 33 லிட்டர் என்ற நடவாத கணக்கு 9 லிட்டர் என்ற நடக்கக்கூடிய கணக்காக மாறிவிடும். இயந்திரத்தின் எந்த அமைப்பாலும் வாங்கமுடியாத நன்மை அது. இரண்டாவது செட் குழாயின் விலை, கூடுதல் படுக்கை நாள், தோற்ற சேகரிப்பால் ஓரிரு வாரங்கள் தள்ளிப்போகும் சிகிச்சை ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஊசியின் விலையைப் பெரிதென்று சொல்லவேண்டும்.

இதில் நாம் தவறவிடுவது நேரத்தை. சேகரிப்பு நாள் காலையில் 8 என்ற எண் வந்தால் பிளெரிக்ஸஃபோர் அன்றைக்கு உதவாது. நோயாளி வீணாக ஒரு நாளை இழப்பார். ஜி‑சிஎஸ்எஃப் ஊசி தொடங்கிய நான்காம் நாள் பிற்பகலிலேயே ஓர் எண்ணிக்கை எடுத்துவிட்டால், 10க்குக் கீழே உள்ளவருக்கு அன்றிரவே ஊசி போட்டு, மறுநாள் காலையில் இயந்திரத்தில் இணைக்கலாம். கூடுதலாக ஒரு சிடி34 பரிசோதனையின் செலவு, ஒரு வீண் செட்டின் செலவோடு ஒப்பிட்டால் சிறிது. 10க்கும் 20க்கும் இடையில் உள்ளவருக்கு நான் சொல்வது: ஒரே நாள், கணக்கிட்ட பெரும் அளவு, இலக்கு கிலோவுக்கு 20 லட்சம், அதற்கு மேல் கிடைத்தால் நன்று. ஆனால் மைலோமாவில் இரண்டாவது மாற்று சிகிச்சைக்கும் சேர்த்துச் சேமிக்கவேண்டும் என்று மருத்துவர் திட்டமிட்டிருந்தால் இலக்கே இரட்டிப்பாகிவிடும். அப்போது முன்னிரவே ஊசி போடுவதில் தயங்கக்கூடாது.

நலமுள்ள கொடையாளரிடம் இந்தத் தராசு சற்று மாறுகிறது. தமக்கு எந்த நோயும் இல்லாமல், அண்ணனுக்காகவோ தங்கைக்காகவோ வந்து படுத்திருப்பவர் அவர். 50 கிலோ தங்கை, 85 கிலோ அண்ணன் என்றால் இலக்கைக் கணக்கிடுவது அண்ணனின் எடையில், தாங்கவேண்டியது தங்கையின் உடல். அவரிடம் ஹெப்பாரின் வழியையும் ஆறு மணி நேர ஓட்டத்தையும் நான் தவிர்ப்பேன். இரண்டு நாளாகப் பிரிப்பதே நேர்மை. அளவைக் கூட்டக் கூட டி‑லிம்ஃபோசைட்டுகளும் பையில் கூடுகின்றன, அவை பெறுபவரின் உடலைத் தாக்கக்கூடும் என்பதும் நினைவில் இருக்கவேண்டும்.

இயந்திரம் நின்று, எஞ்சிய இரத்தத்தைத் திருப்பிச் செலுத்தி முடித்ததும், குடும்பத்தார் முதலில் கேட்பது "போதுமா?" என்றுதான். பையின் சிடி34 முடிவு வர இன்னும் ஓரிரு மணி நேரம் ஆகும். அதற்கு முன் கழுத்துக் குழாயை எடுத்துவிட்டால், முடிவு குறைவாக வரும்போது மறுநாள் காலையில் இன்னொரு குழாய் ஏற்றவேண்டியிருக்கும்; தட்டணு எண்ணிக்கை பார்க்காமல் எடுத்தால் கழுத்தில் இரத்தம் நிற்காமல் போகலாம். ஆகவே சேகரிப்பு முடிந்ததும் தட்டணு எண்ணிக்கைக்கு ஒரு குழல் இரத்தம், பையிலிருந்து சிடி34க்கு ஒரு குழல், இரண்டு முடிவுகளும் வரும்வரை குழாய் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.